குடும்பத்தில் யாருக்காவது உண்டா?

நோயும் ஊரும் – 17

பெரிய காஞ்சிபுரத்தில் பெண் கேட்டு வருகிறவர்கள் ஜாதகப் பொருத்தம் பார்த்த பிறகு இன்னொன்றையும் விசாரிப்பார்கள். பெண் வீட்டாரிடம் நேராகக் கேட்பதில்லை. எதிர்வீட்டிலும் தெருமுனை மளிகைக் கடையிலும் பேச்சுவாக்கில் கேட்பார்கள்: “அவங்க குடும்பத்துல யாருக்காவது மனநிலை சரியில்லாம இருந்துச்சா?” ஒரு சித்தப்பாவின் பெயர் வந்துவிட்டால் போதும், மறுநாள் தரகரின் போன் வராது. காரணமும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோய்க்குச் சிகிச்சை தரும் மருத்துவரும் முதல் நாளே இதே கேள்வியைத்தான் கேட்கிறார். பதிலை எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையை 1961 முதல் 1978 வரை நடத்திய டாக்டர் சாரதா மேனனைப் பற்றிச் சென்ற இதழில் பார்த்தோம். ஓய்வுக்குப் பிறகு அவர் 1984ல் சென்னையில் தொடங்கிய மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனம்தான் ‘ஸ்கார்ஃப்’. பரம்பரை பற்றிய இந்தக் கேள்வியைத் தமிழ்நாட்டில் ரத்தப் பரிசோதனைக் கூடம் வரை கொண்டுபோனது அந்த நிறுவனம். அதற்குள் நுழையுமுன் கேள்வி பிறந்த இடத்துக்குப் போக வேண்டும். அந்த இடத்தில் நடந்த ஒரு கொடுமையைத் தெரிந்துகொள்ளாமல் இந்த விஷயத்தைப் பேசவே கூடாது என்பது என் எண்ணம்.

ஜெர்மனியின் மியூனிக் நகரம், 1916. மனநல மருத்துவர் எமில் கிரேப்பலினிடம் பயின்ற எர்ன்ஸ்ட் ரூடின், இந்த நோய் கண்ட 700க்கும் மேற்பட்டோரின் உடன்பிறந்தவர்களைத் தேடிக் கணக்கெடுத்தார். பட்டாணிச் செடியில் மெண்டல் கண்ட விகிதம் இங்கும் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. உடன்பிறந்தவர்களில் சிறு பங்கினருக்கே நோய் இருந்தது. ஒரே ஒரு மரபணு தலைமுறை தலைமுறையாக இறங்கி வருகிறது என்ற எளிய விளக்கத்துக்கு அந்தக் கணக்கு இடம் கொடுக்கவில்லை. அத்தோடு நின்றிருந்தால் ரூடின் ஒரு நல்ல விஞ்ஞானியாக நினைக்கப்பட்டிருப்பார்.

1933 ஜூலை 14 அன்று ஹிட்லர் அரசு கட்டாயக் கருத்தடைச் சட்டம் கொண்டுவந்தது. யார் யாருக்குக் கருத்தடை என்ற பட்டியலில் மனச்சிதைவின் பெயர் இருந்தது. சட்டத்துக்கு அதிகாரபூர்வ விளக்கவுரை எழுதிய மூவரில் ரூடினும் ஒருவர். அவர் எடுத்த கணக்கே அவருடைய நம்பிக்கைக்கு ஆதரவாக இல்லை, ஆனாலும் எழுதினார். அந்தச் சட்டத்தின் கீழ் சுமார் 4 லட்சம் பேருக்குக் கருத்தடை செய்தார்கள். 1940லும் 1941லும் மனநோயாளிகள் உள்ளிட்ட 70,000க்கும் மேற்பட்டோரை விஷவாயு அறைகளில் கொன்றார்கள்.

கருத்தடைக்கோ கொலைக்கோ ஆளான மனச்சிதைவு நோயாளிகள் 2.2 லட்சத்திலிருந்து 2.7 லட்சம் வரை இருக்கலாம் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் ஃபுல்லர் டோரியும் ராபர்ட் யோல்கனும் 2010ல் மதிப்பிட்டார்கள். அன்றைய ஜெர்மனியில் இருந்த அத்தகைய நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் அதில் அடக்கம். அப்படியானால் அடுத்த தலைமுறையில் நோய் அற்றுப்போயிருக்க வேண்டும் அல்லவா? போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் புதிதாக நோய் கண்டவர்களின் எண்ணிக்கை குறையவே இல்லை. நோயுள்ள குடும்பத்தை ஒதுக்கினால் நோய் ஒழியும் என்ற எண்ணத்தை ஒரு தேசமே உயிர்ப்பலி கொடுத்துச் சோதித்துப் பார்த்துவிட்டது. எண்ணம் பொய்யானது.

ஏன் பொய்யானது என்பது பிறகு வந்த ஆராய்ச்சிகளில் தெரிகிறது. முதலில், பரம்பரைக்குப் பங்கே இல்லையா என்றால், உண்டு. அமெரிக்காவில் லெனார்ட் ஹெஸ்டன் 1966ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். மனச்சிதைவு நோயுள்ள தாய்மாருக்குப் பிறந்து, பிறந்த சில நாளிலேயே தாயிடமிருந்து பிரித்து வளர்க்கப்பட்ட 47 பேரைப் பெரியவர்களான பிறகு தேடிப் பார்த்தார். அதேபோலப் பிரித்து வளர்க்கப்பட்ட, ஆனால் நோயில்லாத தாய்மாரின் பிள்ளைகள் 50 பேரையும் பார்த்தார். முதல் கூட்டத்தில் 5 பேருக்கு நோய் வந்திருந்தது. இரண்டாவதில் ஒருவருக்கும் இல்லை. அம்மாவின் வளர்ப்புதான் பிள்ளையைக் கெடுத்தது என்று அன்றைய அமெரிக்க மனநல மருத்துவர்கள் பலர் தாய்மாரைக் குற்றஞ்சாட்டிக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பழியைத் துடைத்தது இந்த ஆய்வு. 47 பேரில் 42 பேருக்கு நோய் வரவில்லை என்பதையும் அதே ஆய்வில்தான் படிக்க வேண்டும்.

இரட்டையர் கணக்கும் அப்படித்தான். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மரபணு ஏறக்குறைய முழுக்க ஒன்றே. ஒருவருக்கு மனச்சிதைவு வந்தால் மற்றவருக்கும் வரும் வாய்ப்பு 48 சதவீதம் என்று இர்விங் காட்ஸ்மன் 1991ல் தொகுத்துச் சொன்னார். டென்மார்க்கின் தேசியப் பதிவேட்டை வைத்து 2018ல் போட்ட கணக்கில் அது 33 சதவீதம். எந்தக் கணக்கை எடுத்தாலும், அதே மரபணுவைச் சுமக்கும் உடன்பிறப்புகளில் பாதிக்கும் மேற்பட்டோர் நோயில்லாமல் வாழ்கிறார்கள்.

காட்ஸ்மனும் ஜேம்ஸ் ஷீல்ட்ஸும் 1967லேயே ஒரு விளக்கம் சொன்னார்கள்: இது ஒரு மரபணுவின் வேலை இல்லை, எண்ணற்ற மரபணு மாறுபாடுகள் ஒவ்வொன்றும் கடுகளவு பங்கைச் சேர்க்கின்றன, சூழலும் சேர்ந்து ஒரு எல்லையைத் தாண்டும்போது நோய் வெளிப்படுகிறது. இதைக் கண்ணால் பார்க்க இன்னும் நாற்பது ஐம்பது ஆண்டுகள் ஆயின. பல நாடுகளின் ஆய்வாளர்கள் ஒன்றுசேர்ந்து சுமார் 37,000 நோயாளிகளின் மரபணுத் தொகுதியை மற்றவர்களுடையதோடு ஒப்பிட்டு 2014ல் 108 இடங்களைக் குறித்தார்கள். 2022ல் நோயாளிகளின் எண்ணிக்கை 76,755 ஆனபோது இடங்கள் 287 ஆயின. இந்த மாறுபாடுகளில் பெரும்பாலானவை அபூர்வமானவை அல்ல. உங்களிடமும் என்னிடமும், விசாரிக்க வந்த மாப்பிள்ளை வீட்டாரிடமும் நூற்றுக்கணக்கில் இருப்பவை. யாரிடம் எத்தனை சேர்ந்திருக்கின்றன என்பதில்தான் வேறுபாடு. ஜெர்மனி தோற்ற காரணம் இதுதான். நோயாளிகளிடம் மட்டும் இருக்கும் ஏதோ ஒன்றை அழிக்கப் பார்த்தார்கள். அப்படி ஒன்று இல்லை.

விதிவிலக்குகளும் உண்டு. 22ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லாமல் பிறப்பவர்களில் சுமார் நான்கில் ஒருவருக்கு மனச்சிதைவு போன்ற நோய் வருகிறது. அந்தக் குறைபாடு மிக அபூர்வம். அதுவும் பெரும்பாலும் பெற்றோரிடம் இல்லாமல் குழந்தையிடமே புதிதாக ஏற்படுகிறது.

இனி நம் ஊர்.

மேலே சொன்ன பிரம்மாண்டமான கணக்குகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. அடுத்து ஓரளவு கிழக்கு ஆசியர். இந்தியர் மிகச் சொற்பம். இந்தக் குறையைத் தமிழ்நாட்டில் நிரப்ப முனைந்தவர்கள் ஸ்கார்ஃபின் டாக்டர் ஆர். தாராவும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரையன் மவ்ரியும். தாரா ஏற்கெனவே, 1981ல் தொடங்கிய சென்னை நீண்டகால ஆய்வில், முதன்முறை நோய் கண்ட 90 பேரைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தவர். குடும்பங்கள் அவரை நம்பின. மரபணு ஆய்வுக்கு அந்த நம்பிக்கைதான் முதல் தேவை. நோயாளியோடு அப்பா, அம்மா, அண்ணன், தங்கை எல்லோரும் வந்து உட்கார்ந்து, மணிக்கணக்கில் கேள்விகளுக்குப் பதில் சொல்லி, கை நீட்டி ரத்தம் கொடுக்க வேண்டும். வெளியே தெரிந்தால் வீட்டுப் பெண்ணின் கல்யாணம் நின்றுபோகும் என்று அஞ்சும் ஊரில், தங்கள் வீட்டு நோயை எழுதிக்கொள்ளச் சொல்லிக் கையெழுத்துப் போட்ட அந்தக் குடும்பங்களை நான் மிகுந்த மரியாதையோடு நினைக்கிறேன்.

தமிழ்நாட்டுக் குடும்பங்களில் ஆய்வாளர்களுக்கு ஆர்வம் வந்ததற்குக் காரணம் நம் சாதிக்குள்ளேயே மணம் முடிக்கும் வழக்கம். பல நூற்றாண்டுகளாகக் குறுகிய வட்டத்துக்குள் மணம் நடந்த இடத்தில் மரபணுப் பின்னணி ஒரே மாதிரி இருக்கும். நோயோடு சேர்ந்து வரும் மாறுபாட்டைப் பிரித்தறிவது எளிது. அப்படி மரபில் நெருங்கிய தமிழ்நாட்டுக் குடும்பங்களை ஆராய்ந்து, முதலாம் குரோமோசோமில் ஓர் இடத்தை 2009ல் அறிவித்தார்கள். மூளை நரம்பணுக்களுக்குள் செய்தி கடத்தும் வேலையோடு தொடர்புடைய ஒரு மரபணு அங்கே இருக்கிறது.

2019ல் இன்னும் பெரிய முடிவு வந்தது. தென்னிந்தியாவைச் சேர்ந்த 3,092 பேர். அவர்களில் 1,321 பேர் நோயாளிகள். மற்றவர்கள் அவர்களின் உறவினரும் நோயில்லாத பிறரும். சதீஷ் பெரியசாமி முதல் ஆசிரியராக இருந்து ‘ஜாமா சைக்கியாட்ரி’ இதழில் வெளிவந்த கட்டுரை, எட்டாம் குரோமோசோமில் ஓர் இடத்தைக் காட்டியது. அங்கே இருப்பது, நியாசின் என்ற வைட்டமின் பி3ஐ உடல் பயன்படுத்திக்கொள்ள உதவும் மரபணு. வரிக்குதிரை மீன் குஞ்சுகளில் அந்த மரபணுவின் வேலையைக் குறைத்தபோது மூளை வளர்ச்சி பிசகியது.

நியாசினுக்கும் மனநோய்க்கும் உள்ள தொடர்பு இந்தியாவுக்குப் புதிது இல்லை. நியாசின் பற்றாக்குறையால் வரும் பெலாக்ரா, வெயில் படும் தோலைக் கறுத்து உரியவைக்கும், வயிற்றுப்போக்கு தரும், முற்றினால் புத்தியையும் கலக்கும். தக்காணப் பீடபூமியில் சோளம் தின்னும் ஏழைகளிடம் இதைக் கண்டு, காரணத்தை ஐதராபாத்தில் ஆராய்ந்தவர் தமிழ்நாட்டில் பிறந்த ஊட்டச்சத்து விஞ்ஞானி சி. கோபாலன். ஒரு சத்து குறைந்தால் மனம் தடுமாறும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

இதைப் படித்ததும் யாராவது மருந்துக் கடைக்குப் போய் நியாசின் மாத்திரை கேட்பாரோ என்று எனக்குப் பயம். வேண்டாம். கனடாவில் ஆப்ரம் ஹோஃபரும் ஹம்ப்ரி ஆஸ்மண்டும் 1950களிலேயே மனச்சிதைவுக்கு நியாசினை அளவுக்கு மீறிக் கொடுத்து, நோய் தீருகிறது என்றார்கள். மற்றவர்கள் முறையாகச் சோதித்தபோது பலன் நிற்கவில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973ல் அதை நிராகரித்தது. தென்னிந்திய ஆய்வு சொல்வது வேறு: நோயின் வேர்களில் ஒன்று உடலின் இந்தப் பக்கமாகவும் ஓடலாம், தோண்டிப் பாருங்கள் என்கிறது. 3,092 என்பது இந்தத் துறையில் சிறிய எண். இன்னும் பல ஆயிரம் இந்தியக் குடும்பங்கள் சேர்ந்தால்தான் உறுதியாகும்.

காஞ்சிபுரத்தின் பெயர் உலக மனநல ஆராய்ச்சியில் அச்சேறியது இந்த ரத்தப் பரிசோதனைகளுக்கு வெளியே. 2009, 2010 ஆண்டுகளில் காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்கள், கோவா, மகாராஷ்டிரத்தின் சதாரா ஆகிய மூன்று இடங்களில் 282 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. உள்ளூர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து, நோயாளியின் வீட்டுக்கு அனுப்பி, மருந்தோடு பேச்சும் துணையுமாக இருக்கச் செய்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களிடம் முன்னேற்றம் கொஞ்சம் கூடுதல். அதிலும் நம் காஞ்சிபுரக் கிராமங்களில்தான் அதிகம் தெரிந்தது. ‘லான்செட்’ இதழ் 2014ல் இதை வெளியிட்டது.

அதன்பிறகு வந்தது ‘இன்ட்ரெபிட்’ என்ற ஆய்வு. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் கிரெய்க் மார்கன் தலைமையில், காஞ்சிபுரம் மாவட்டம், நைஜீரியாவின் இபடான், டிரினிடாடின் வடபகுதி மூன்றிலும், மனச்சிதைவும் அதைப் போன்ற கடும் மனநோய்களும் கண்டு இன்னும் சிகிச்சையே பெறாதவர்களைத் தேடினார்கள். மருத்துவமனைப் பதிவேட்டை மட்டும் பார்த்திருந்தால் பலர் விடுபட்டிருப்பார்கள். மந்திரிப்பவர்கள், குறி சொல்பவர்கள் என்று ஊரில் யாரிடமெல்லாம் ஜனங்கள் போகிறார்களோ அவர்களிடமெல்லாம் விசாரித்தார்கள். 2018 மே முதல் 2020 ஜூலை வரை கிடைத்தவர்கள்: காஞ்சிபுரத்தில் 268, இபடானில் 196, டிரினிடாடில் 574. நமக்கும் இபடானுக்கும் விகிதம் ஓரளவு நெருக்கம். டிரினிடாடில் பல மடங்கு. அதோடு மற்ற இரண்டு இடங்களையும்விடக் காஞ்சிபுரத்தில் கிடைத்தவர்கள் வயது கூடியவர்கள். ஊருக்கு ஊர் நோய் இவ்வளவு வேறுபடும் என்றால் மரபணுவை மட்டும் வைத்து விளக்க முடியாது. கருவிலும் பிரசவத்திலும் ஏற்படும் பாதிப்பு, இளம் வயதில் கஞ்சா, பிள்ளைப் பருவத்து வன்கொடுமை, வேரறுந்த இடப்பெயர்ச்சி ஆகிய எல்லாவற்றுக்கும் இதில் பங்கு இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் நான் பார்த்த ஒரு நெசவாளர் வீட்டைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். முன்னறையில் குழித்தறி. ஓடிக்கொண்டிருந்தது கோர்வைச் சேலை, உடல் மயில் கழுத்து நிறம், கரை அரக்கு. கோர்வை என்றால் ஒற்றை ஆளால் ஆகாது. குழிக்குள் கால் வைத்து உட்கார்ந்த அண்ணன் உடலுக்கான நாடாவை எறிய, பக்கத்தில் பலகையில் உட்கார்ந்த தம்பி கரைக்கான நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தார். தம்பிக்கு நாற்பதை ஒட்டிய வயது. கல்லூரியில் படிக்கும்போது காதில் குரல்கள் கேட்கத் தொடங்கி, படிப்பு நின்று, சோளிங்கர், குணசீலம் கோயில்களுக்கு அழைத்துப் போய், பிறகுதான் மருத்துவரிடம் வந்தார்கள். இப்போது ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மாத்திரை. அதை எடுத்துக் கொடுப்பது அண்ணி. “மாத்திரை போட்டா கை கொஞ்சம் நடுங்கும். காலையில பத்து மணிக்கு மேல உக்காந்தா சரியா இருக்கும், அதுக்கேத்த மாதிரிதான் நான் தறியில இறங்கறது” என்றார் அண்ணன். வீட்டுக்குள்ளேயே வேலை இருப்பதால் தம்பி வேலையில்லாதவர் ஆகவில்லை. அதே வீட்டுக்குள் நோய் பல வருஷம் மறைந்திருக்கவும் முடிந்தது. அண்ணனின் மகளுக்கு வந்த வரன்கள் சித்தப்பாவைக் கேள்விப்பட்டுத் தட்டிப்போகின்றன.

அந்தப் பெண்ணுக்காகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஊரில் நூறு பேரை எடுத்தால் வாழ்நாளில் ஒருவருக்கு மனச்சிதைவு வரலாம். சித்தப்பாவுக்கோ மாமாவுக்கோ இருந்தால், காட்ஸ்மன் தொகுத்த கணக்கின்படி நூற்றுக்கு நான்கு. கூடப் பிறந்தவருக்கு இருந்தால் ஒன்பது. தாய் தந்தையரில் ஒருவருக்கு இருந்தால் பதின்மூன்று. ஆபத்து கூடுகிறது, மறுக்கவில்லை. சித்தப்பாவுக்கு நோயுள்ள நூறு பெண்களில் 96 பேருக்கு நோய் வராது. அந்த 96 பேரையும் சேர்த்துத்தான் ஊர் நிராகரிக்கிறது. மறுபக்கமும் பாருங்கள். மனச்சிதைவு வந்தவர்களில் 63 சதவீதம் பேருக்குப் பெற்றோர், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, அத்தை மாமா யாருக்கும் அந்த நோய் இருந்ததில்லை. ‘சுத்தமான குடும்பம்’ என்று விசாரித்து முடித்த இடத்திலும் நோய் வரத்தான் செய்கிறது.

சொந்தத்தில் கட்டுவதைப் பற்றியும் கேட்பீர்கள். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சொந்தக்காரத் திருமணம் சுமார் 28 சதவீதம், நாட்டிலேயே முன்வரிசை. அக்கா மகளையோ மாமன் மகளையோ கட்டினால் சில அபூர்வப் பிறவி நோய்களுக்கான வாய்ப்பு கூடும் என்பது உறுதியான விஷயம். மனச்சிதைவு அந்த வகையில் சேராது. பெற்றோரின் மரபணு நெருக்கத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருப்பதாக 2012ல் ஒரு பெரிய ஆய்வு சொன்னது. அதே குழுவைச் சேர்ந்தவர்கள் 2016ல் புதிய தரவோடு மீண்டும் பார்த்தபோது அந்தத் தொடர்பு கிடைக்கவில்லை.

சட்டமும் ஒரு காலத்தில் தரகர் பக்கம் சாய்ந்துதான் நின்றது. 1976ல் திருத்திய இந்து திருமணச் சட்டத்தில் விவாகரத்துக்கான மனக்கோளாறு எது என்று விளக்கும் இடத்தில் மனச்சிதைவின் பெயரைத் தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். நோய்ப்பெயர் எழுதிய மருந்துச் சீட்டு ஒன்று கிடைத்தால் போதும் என்று கணவன் வீட்டார் நீதிமன்றம் போனார்கள். ராம் நாராயண் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1988ல் அதை நிறுத்தியது. நோயின் பெயர் மட்டும் காரணம் ஆகாது, சேர்ந்து வாழவே முடியாத அளவுக்கு நோய் கடுமையா என்பதை நிரூபிக்க வேண்டும் என்றது. பெயர் இன்னும் சட்டத்திலிருந்து போகவில்லை. போக வேண்டும். கணவனால் கைவிடப்பட்டுப் பிறந்த வீட்டில் கிடக்கும் பெண் நோயாளிகளைப் பற்றித் தாராவும் அவருடைய சகாக்களும் 2003ல் எழுதிய கட்டுரைகளைப் படித்தவர்கள் யாரும் அது இருக்கட்டும் என்று சொல்ல மாட்டார்கள்.

எச்சிலை அனுப்பினால் மரபணு ஆபத்தைக் கணித்துத் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் கம்பெனிகள் இப்போது வந்துவிட்டன. மனச்சிதைவு விஷயத்தில் அந்தக் கணிப்பு பெரும்பாலும் ஐரோப்பியர் தரவில் கட்டியது. நமக்குப் பொருத்தும்போது துல்லியம் இன்னும் குறையும். தனி ஒருவருக்கு வரும், வராது என்று சொல்லும் பரிசோதனை உலகில் எங்கும் கிடையாது. கல்யாணத்துக்கு முன் அதைக் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள்.

குடும்பத்தில் ஏற்கெனவே ஒருவருக்கு இருந்தால் அந்தத் தகவலால் ஒரு நன்மை உண்டு. பதினாறிலிருந்து முப்பது வயதுக்குள் ஒரு பிள்ளை காரணமில்லாமல் ஒதுங்கினால், தூக்கம் கெட்டால், யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னால், அந்த வீட்டில் ஆறு மாதம் பொறுத்துப் பார்க்கத் தேவையில்லை. அந்த வாரமே அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போகலாம். போகத் தயங்கினால் 14416 என்ற கட்டணமில்லாத எண்ணில் தமிழிலேயே பேசலாம். சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவுக்குப் படிப்பும் வேலையும் மிஞ்சும்.

அடுத்த இதழில்: 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி.

(தொடரும்)